போய்வருகிறேன்: ஜப்பானியப் புறநகரின் திணை



தோக்கியோ மாநகரை அடுத்துள்ள புறநகர்களின் அன்றாட வாழ்வும் காட்சியும் இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். மொழிக்கென நடைபெறும் சொற்பொழிவு வரிசையில் ஜப்பானியப் புறநகருக்கு என்ன இடம் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றலாம். ஒரு சொல்தான் என்னை இந்தத் தலைப்பிற்கு அழைத்து வந்தது.

ஜப்பானியர் வீட்டைவிட்டுப் புறப்படும்போது 'இத்தெக்கிமாஸ்' என்பர். 'இத்தெ' என்பது 'போய்' என்னும் வினையெச்சம். 'கிமாஸ்' என்பது 'வருகிறேன்' என்னும் வினைமுற்று. சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் அது நம்முடைய 'போய்வருகிறேன்' என்பதேதான். நம் வீடுகளிலும் ஒரு பிள்ளை 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினால் பாட்டி ஒப்பமாட்டார். 'போய்வருகிறேன் என்று சொல்' எனத் திருத்துவார். ஜப்பானிய வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்', அதாவது 'போய்வாருங்கள்' என்று மறுமொழி கூறுவார். மாலையில் திரும்பியவர் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே 'ததாய்மா' என்பார். 'இப்போதுதான்' என்பது அதன் நேர்ப்பொருள். 'இப்போதுதான் திரும்பினேன்' என்பதன் சுருக்கம் அது. உள்ளிருந்து 'ஒக்காயெரி' என்று ஒரு குரல் அவரை வரவேற்கும். ஆக, சொற்கள் நான்கு. இரண்டு வாசலிலிருந்து செல்பவை. இரண்டு வீட்டினுள்ளிருந்து வருபவை.

இந்த ஒற்றுமையைக் காட்டி இருமொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நிறுவ நான் முயலவில்லை. ஜப்பானியப் பேராசிரியர் ஓனோ சுசுமு (1919–2008) அக்கருத்தை நெடுங்காலம் வலியுறுத்தினார். மொழியியலாளருள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. போகிறவர் திரும்பி வரவேண்டும் என்னும் விருப்பத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பேச இருமொழிகளுக்கு இரத்த உறவு வேண்டியதில்லை. பிரிவைக் கண்டு அஞ்சும் மனம் இருந்தால் போதும்.

தோக்கியோவின் புறநகர் 'போய்வருகிறேன்' என்னும் இச்சொல்லின்மேல் கட்டப்பட்டது. அதன் வீடுகளும் தெருக்களும் நிலையமும் கடைகளும் காலையில் போவதற்கும் மாலையில் வருவதற்குமே அமைந்தவை. அச்சொல்லுக்கு மறுமொழி கூற ஆளில்லாமற் போகும்போது அந்த ஊருக்கு என்ன நேர்கிறது என்பதே இவ்வுரையின் கேள்வி.

இக்கேள்வியை ஆராய நமக்கு நன்கு பழகிய வழி ஒன்று உண்டு. தொல்காப்பியம் அகத்திணையை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் காணப்படுவன கரு. அங்கு வாழும் மக்களின் ஒழுக்கம் உரி. அவ்வரிசையிலேயே செல்வோம்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

ஜப்பானியப் புறநகரைப் பெரிதும் உருவாக்கியவை ரயில் நிறுவனங்கள். ஒசாகாவில் 1910-ஆம் ஆண்டு கொபயாஷி இச்சிசோ என்னும் தொழில்முனைவர் வயல்வெளிகளினூடே ஒரு ரயில் பாதையைத் திறந்தார். அப்பகுதியில் பயணிகள் மிகக் குறைவு. பயணிகள் இல்லையென்றால் அவர்களைக் குடியேற்றிவிடலாம் என்று அவர் கணக்கிட்டார். பாதையோரத்தில் நிலம் வாங்கி, வீடுகள் கட்டி, நடுத்தர வருவாயினருக்குத் தவணைமுறையில் விற்றார். பாதையின் ஒரு முனையாகிய தகராசுகாவில் வெந்நீர்க் குளியலிடமும், பெண்கள் மட்டுமே நடிக்கும் இசைநாடக அரங்கும் தோன்றின. மறுமுனையாகிய உமேதாவில் 1929-இல் ரயில் நிலையத்தை ஒட்டியே பேரங்காடி எழுந்தது. வேலைநாளில் ஒரு திசை, விடுமுறை நாளில் மறுதிசை என வண்டிகள் எந்நாளும் நிறைந்தே ஓடின.

தோக்கியோவில் ஷிபுசாவா எயிச்சி 1918-இல் தோட்ட நகர நிறுவனத்தைத் தொடங்கினார். 1923-இல் தென்-என்-சோஃபு என்னும் குடியிருப்பின் மனைகள் விற்பனைக்கு வந்தன. 'தோட்ட நகரம்' என்ற எண்ணம் இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்டுக்கு உரியது. அவர் கனவு கண்ட நகரில் வீடு, தோட்டம், தொழிற்சாலை ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. ஜப்பானுக்கு வீடும் தோட்டமும் வந்தன. வேலை மட்டும் தலைநகரிலேயே தங்கிவிட்டது. இடைவெளியை ரயில் நிரப்பியது.

போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் கடுமையாயிற்று. 1955-இல் ஜப்பான் வீடமைப்புக் கழகம் நிறுவப்பட்டது. 'தாஞ்சி' எனப்படும் அடுக்குமாடித் தொகுதிகள் பெருநகரங்களைச் சுற்றி எழுந்தன. இவற்றின் உச்சம் தாமா புதுநகரம். தோக்கியோவின் மையத்திலிருந்து 25 முதல் 40 கிலோமீட்டர் வரை தொலைவில், தாமா மலைச்சரிவுகளில், 2,800 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் அது திட்டமிடப்பட்டது. 1965-இல் திட்டம் முடிவாயிற்று. 1971 மார்ச் மாதத்தில் சுவா, நாகயாமா என்னும் பகுதிகளில் முதற்குடும்பங்கள் குடியேறின. வீடு தயாராகிவிட்டது; ரயில் தயாராகவில்லை. 1974-இல் பாதை வந்துசேரும் வரை, அலுவலகம் செல்வோர் பேருந்தில் நெரிசற்பட்டு செய்செகி சகுராகாவோகா நிலையத்திற்குச் சென்று அங்கிருந்து ரயில் ஏறினர். 'தரையில் ஒரு தனித்தீவு' என்று அக்காலத்தில் அவ்விடம் பெயர் பெற்றிருந்தது.

இத்தகைய ஊருக்கு ஜப்பானியர், ஆங்கிலச் சொற்கள் இரண்டைத் தாமே இணைத்து 'பெட்டோ டவுன்' என்று பெயரிட்டனர். படுக்கை நகரம் என்பது பொருள். பெயரிட்டவருக்கு அது இரவில் மட்டும் ஊர்; பகலில் அங்கு வாழ்ந்தவர்களைப் பெயரிட்டவர் கணக்கில் கொள்ளவில்லை.

அடுத்தது பொழுது. புறநகரின் சிறுபொழுதுகள் காலையும் மாலையும் ஆகும். காலை ஆறரை முதல் எட்டரை வரை நிலையத்தை நோக்கியே எல்லாக் கால்களும் நடக்கின்றன. எல்லா மிதிவண்டிகளும் ஓடுகின்றன. நெரிசலை அளக்க ஜப்பானில் ஓர் அளவுகோல் உண்டு. அதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அது வாசிப்பைக் கொண்டு அளப்பது. பெட்டியின் நெரிசல் 150 விழுக்காடு என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துத்தான் படிக்க முடியும். 200 என்றால் உடலோடு உடல் அழுந்தும்; ஆயினும் ஒரு வார இதழை எப்படியோ படித்துவிடலாம். 250 என்றால் கையைக்கூட அசைக்க இயலாது. 1975-இல் தோக்கியோ வட்டாரத்தின் முக்கியப் பாதைகளில் நெரிசல்நேரச் சராசரி 221 விழுக்காடாக இருந்தது. புதிய பாதைகளும் நீண்ட வண்டிகளும் வந்த பிறகு, 2019-இல் அது 163 ஆகக் குறைந்தது.

கருப்பொருள்: காண்பனவும் கேட்பனவும்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என நம் இலக்கணத்தார் கருப்பொருளை வரிசைப்படுத்தினர். அவ்வரிசையில் பெரும்பாலானவற்றைப் புறநகரிலும் காணலாம்.

தெய்வம் தெருமுனையில் நிற்கிறது. வீடுகள் வருவதற்கு முன்பு அங்கிருந்த சிற்றூரின் ஜிசோ சிலை, செந்நிறத் துணி கட்டி, இரு வீட்டுச் சுவர்களுக்கு இடையே இன்றும் உள்ளது. ஜிசோ, குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காப்பவர். புறநகரில் எஞ்சியிருப்போர் குழந்தைகள். மற்றவர் எல்லாரும் வழிப்போக்கர்கள். பொருத்தமான காவல்தான்.

விலங்கு, தனுக்கி எனப்படும் நரியினக் காட்டுவிலங்கு. மலையைச் சரித்துத் தாமா புதுநகரம் கட்டப்பட்டபோது வாழிடம் இழந்த தனுக்கிகளின் கதையைத் தகஹாதா இசாவோ 1994-இல் 'போம் போக்கோ' என்னும் உயிரோவியத் திரைப்படமாக்கினார். அடுத்த ஆண்டே அதே கிபிலி நிறுவனம், அதே வட்டாரத்தின் மேட்டுத்தெருக்களில் நடக்கும் ஒரு பள்ளிச் சிறுமியின் கதையைப் படமாக்கியது. ஒரு படத்தில் புறநகர் இழப்பு. மறு படத்தில் அதுவே சொந்த ஊர். தந்தையருக்குக் குடியேறிய இடமாக இருந்தது, பிள்ளைகளுக்குப் பிறந்த மண்ணாகிவிட்டது.

மரம், நிலையத்து வீதியில் வரிசையாக நிற்கும் செர்ரியும் கெயாக்கியும். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் செர்ரி இதழ்கள் உதிரும்போதுதான் ஜப்பானில் பள்ளியாண்டு தொடங்குகிறது. 'ரந்தோசெரு' என்னும் தடித்த முதுகுப்பை, அணிந்த பிள்ளையைவிடப் பெரிதாகத் தெரிய, முதலாம் வகுப்புக் குழந்தைகள் மஞ்சள் தொப்பியுடன் பெற்றோர் துணையின்றி நடந்து பள்ளிக்குச் செல்கின்றனர். தாமாவில் நடைபாதைகளையும் வாகனச் சாலைகளையும் வேறு வேறு தளங்களில் பிரித்தே வடிவமைத்தனர். குழந்தை சாலையைக் கடக்காமலே பள்ளி சேர வேண்டும் என்பது திட்டமிட்டவர்களின் எண்ணம்.

பறவை, காகம். குப்பை எடுக்கும் நாளன்று தெருவோரத்தில் வைக்கும் பைகளின்மேல் வலை போர்த்தப்பட்டிருப்பது காகங்களுக்காகவே. எரியும் குப்பைக்கு ஒரு நாள், நெகிழிக்கு ஒரு நாள், புட்டிகளுக்கு ஒரு நாள் என்று கிழமைகள் வகுக்கப்பட்டிருக்கும். வலையை மடித்து வைப்பதும், அவ்விடத்தைக் கூட்டுவதும் அக்கம்பக்கத்தார் முறைவைத்துச் செய்யும் வேலை. நகராட்சியின் அறிவிப்புகளைத் தாங்கிய சுற்றறிக்கை அட்டை ஒன்றும் வீடு வீடாகக் கைமாறிச் செல்லும். படித்தவர் தம் முத்திரையிட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும்.

பத்து மணிக்கு மேல் மாடிமுகப்புகளில் மெத்தைகள் வெயிலில் தொங்குகின்றன. சற்றுத் தள்ளி எஞ்சியிருக்கும் வயலோரத்தில், ஆளில்லாத காய்கறித் தட்டி ஒன்று நிற்கும். முள்ளங்கியை எடுத்துக்கொண்டு நாணயத்தைப் பெட்டியில் இட்டுச் செல்வார்கள். குளிர்காலத்தில் வானம் தெளிந்த காலைகளில், மின்கம்பிகளுக்கு அப்பால் ஃபூஜி மலை வெண்மையாகத் தெரியும்.

பறையைத் தனியே சொல்ல வேண்டும். நாள்தோறும் மாலை ஐந்து மணியளவில், கம்பங்களில் கட்டிய நகராட்சி ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு மெட்டு எழும். பேரிடர்க்கால அறிவிப்புக் கருவிகள் இயங்குகின்றனவா என்று சோதிப்பது அதன் பணி. 'விளையாட்டு முடிந்தது, வீட்டிற்குப் போ' என்பது குழந்தைகள் அதில் கேட்கும் பொருள். பல ஊர்களில் ஒலிப்பது 'யூயாகே கொயாகே' என்னும் சிறுவர் பாடலின் மெட்டு. அந்தி வானத்தின்கீழ்க் குழந்தைகள் கைகோத்துக் காகங்களோடு வீடு திரும்புவதைச் சொல்லும் பாட்டு அது. இயற்றிய நகமுரா உகோ, இன்று ஹச்சியோஜி நகரில் அடங்கிய மலையடிவாரச் சிற்றூரில் பிறந்தவர், ஆசிரியர். தாமா புதுநகரம் பரவியுள்ள நான்கு நகரங்களுள் ஹச்சியோஜியும் ஒன்று. பாடல் 1923-இல் வெளிவந்தது. தலைநகர்ப் பள்ளியில் பணியாற்றிவிட்டுத் தம் ஊருக்கு நெடுந்தொலைவு நடந்து திரும்பிய ஓர் ஆசிரியரின் சொற்கள், ஒரு நாட்டின் பிள்ளைகளை இன்றும் வீட்டிற்கு அழைக்கின்றன. இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் இதை எண்ணி மகிழலாம்.

உரிப்பொருள்: இருத்தல்

மாலைப்பொழுதும், பிரிந்து சென்றவர் வரும்வரை ஆற்றியிருத்தலும் முல்லைத்திணைக்கு உரியவை என்பதை மாணவர்கள் அறிவீர்கள். புறநகரின் உரிப்பொருளும் இருத்தலே. அதை யார் செய்தார் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

தாஞ்சி வீட்டின் புகழ்பெற்ற அமைப்பு இரண்டு அறைகளும் உணவு மேசையோடு கூடிய சமையலிடமும் ஆகும். உண்ணும் இடமும் உறங்கும் இடமும் ஒன்றாகவே இருந்த பழைய வாழ்க்கையிலிருந்து விடுபட்ட வீடு என்று அது போற்றப்பட்டது. அந்த மேசையில் குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. கணவர் குழந்தைகள் விழிக்கும் முன் புறப்பட்டு, அவர்கள் உறங்கியபின் திரும்பினார். அவருடைய பயணச் சீட்டிற்கு நிறுவனம் பணம் கொடுத்தது; பயணத்தில் கழிந்த நேரத்திற்கு எவரும் கொடுக்கவில்லை. காலையில் 'இத்தெராஷ்ஷாய்' என்றவரும், நள்ளிரவில் மூடிவைத்த உணவைச் சூடாக்கி 'ஒக்காயெரி' என்றவரும் மனைவியே. நான்கு சொற்களில் இரண்டு, ஏறத்தாழ முழுமையாகப் பெண்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தன. அப்படிச் சுமத்தப்பட்ட ஒழுங்கு நிலைத்திருக்க முடியாது, நிலைத்திருக்கவும் இல்லை. 1990-களின் இறுதியிலிருந்து, கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களே ஜப்பானில் மிகுதி. இது குறையன்று. இருத்தலை ஒருவர் மட்டும் சுமந்த நிலை மாறியது. அதைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான் வேகமாக வளரவில்லை.

பள்ளிவிட்டு வரும் பிள்ளை தானே கதவைத் திறந்துகொள்கிறது. அத்தகைய பிள்ளைக்கு 'சாவிப் பிள்ளை' என்று ஜப்பானிய மொழியில் ஒரு பெயரே உண்டு. அப்பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கல்வியில் கற்றுத்தரும் ஒரு விதியைக் கேளுங்கள்: வீட்டில் யாரும் இல்லையென்று தெரிந்தாலும், கதவைத் திறந்ததும் 'ததாய்மா' என்று உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே ஆள் இருப்பதாக வெளியே நிற்கும் தீயவர் எண்ணட்டும் என்பதற்காக. வரவேற்பைக் கேட்ட சொல், காவலுக்கு நிற்கும் சொல்லாயிற்று.

முதியோர் பக்கமும் பார்ப்போம். 1971-இல் சுவாவிலும் நாகயாமாவிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஒரே வயதினர், இளந்தம்பதியர். ஒன்றாகக் குடியேறினார்கள், ஒன்றாகப் பிள்ளை வளர்த்தார்கள், ஒன்றாக முதுமையடைந்தார்கள். பிள்ளைகள் தலைநகருக்கு அருகில் வேறு வீடு தேடிக்கொண்டனர். பள்ளிகள் சில இணைக்கப்பட்டு மூடப்பட்டன. இளைஞருக்காகக் கட்டிய ஐந்து மாடிக் கட்டடங்களில் மின்தூக்கி இல்லை; ஐந்தாம் மாடிப் பெரியவருக்குப் படிக்கட்டே சிறையாயிற்று. 300,000 பேருக்கு மேல் வாழ்வர் என்று திட்டமிட்ட தாமா புதுநகரத்தில் இன்று ஏறக்குறைய 220,000 பேர் வாழ்கின்றனர். நாடு முழுவதும் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 90 இலட்சம் வீடுகள் ஆளின்றி இருந்தன. மொத்த வீடுகளில் அது 13.8 விழுக்காடு.

ச்சிபா மாநிலத்து மட்சுதோ நகரில் தொகிவதைரா என்னும் தாஞ்சி உண்டு. 1960-இல் மக்கள் குடியேறிய பெருந்தொகுதி அது. 2001-இல் அங்கு ஒரு வீட்டில், தனித்து வாழ்ந்தவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டார். வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் சென்றுகொண்டிருந்தது. கணக்கில் பணம் தீர்ந்தபோதுதான் கதவைத் தட்ட ஆள் வந்தது. 'கொதொகுஷி', தனிமைச் சாவு, என்னும் சொல்லை அக்குடியிருப்பு மறைக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்தார் அதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டனர். அக்கம்பக்கத்தாரைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள் என்பது அவர்கள் வகுத்த முதற்பாடங்களுள் ஒன்று. சிறு கட்டணத்தில் எவரும் வந்து அமர்ந்து தேநீர் அருந்திப் பேசும் அறையைத் திறந்தனர். அறிவியலும் நிதியும் வேண்டிய இடத்தில் அவர்கள் முதலில் கையிலெடுத்தது ஒரு முகமன் சொல்.

ஐந்து மணி மெட்டு ஒலிக்கும் அந்த ஒலிபெருக்கிகளுக்கும் இன்று புதிய வேலை வந்துள்ளது. நினைவு தடுமாறி, வீட்டிற்கு வழி தெரியாமல் அலையும் முதியவரின் வயதையும் உடையையும் சொல்லி, கண்டவர்கள் தெரிவிக்குமாறு பல நகராட்சிகள் அவற்றின்வழி அறிவிக்கின்றன. ஒருகாலத்தில் பிள்ளைகளை வீட்டிற்கு அழைத்த குரல், இன்று பெரியவர்களைத் தேடுகிறது.

தாமாவில் மீட்சியும் இல்லாமல் இல்லை. சுவாவில் 640 வீடுகள் கொண்ட பழைய தொகுதியை, உரிமையாளர்களே பல ஆண்டுகள் பேசி ஒப்புக்கொண்டு இடித்தனர். 2013-இல் அவ்விடத்தில் மின்தூக்கிகளுடன் 1,249 வீடுகள் எழுந்தன. பழைய குடிகள் பலர் திரும்பினர். குழந்தைகளோடு புதிய குடும்பங்களும் வந்தன. கட்டடத்தைப் புதுப்பிப்பதைவிடக் கடினமாக இருந்தது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவதே. அதை அவர்கள் செய்து முடித்தார்கள்.

நமக்குரிய பாடம்

அவையில் உள்ளோரில் பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறோம். ரயிலேறிப் பணிக்கும் பள்ளிக்கும் செல்கிறோம். ஆகவே இதைப் பிறர் கதையாகக் கேட்டுவிட்டுச் செல்ல இயலாது. தமிழ் வீட்டுமொழியாக நிலைக்குமா என்று நாம் அடிக்கடி கவலைப்படுகிறோம். பாடநூல், தேர்வு, மேடை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டுமொழி என்பது முதலில் வாசல்மொழி. 'போய்வருகிறேன்', 'போய்வா', 'வந்துவிட்டேன்', 'வா, சாப்பிட்டாயா' என்னும் நான்கைந்து தொடர்கள் நாள்தோறும் இரு திசையிலும் செல்லும் வீட்டில் மொழி இருக்கும். கேட்பவர் இல்லாத வீட்டில் எவ்வளவு செம்மையான தமிழும் சாவிப் பிள்ளையின் 'ததாய்மா'வைப் போன்றதே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திணைப் பாகுபாட்டைக் கற்பிக்கும்போது, மாணவர்களைத் தாம் வாழும் வட்டாரத்தின் முதல், கரு, உரி ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கட்டடத்தில் பறவை எது, பறை எது, மாலையில் கேட்கும் ஒலி எது, அங்குக் காத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் மாடியில் தனியே வாழும் பெரியவர் ஒருவர் இருப்பார். மின்தூக்கியில் அவரைக் காணும்போது 'வணக்கம் தாத்தா, பள்ளிக்குப் போய்வருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் வேற்றுமொழியினரானால் அவர் மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். மாலையில் நீங்கள் திரும்பும் நேரத்தை அவர் கவனிக்கத் தொடங்குவார். அவர் கதவு திறக்காத நாளை நீங்களும் கவனிப்பீர்கள்.

போய்வருகிறேன்.